கடும்வெட்டு

மூன்றரை மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு
திற்பரப்புக்கு மேலே எங்கள் நூற்றெழுபது மரங்களுக்கு
ஏறிப் போகையில்
சில நாள் அந்த நாடு கூடவே நடந்து வரும்.

மன்ரோவியாவிலிருந்து ஒரு மணி நேரம்.
ஜீப்பை விட்டு இறங்கினால்
எனக்க அப்பாவின் தோட்டம்.
அதே மரம், அதே வரிசை, புளித்த பாலின் அதே நாற்றம்.
தலையில் நீலத் தொப்பி, தோளில் துப்பாக்கி,
நெஞ்சில் டெல்பின்பாய் என்று ஒரு தகடு.
எதையும் இறக்கி வைக்காமல் சிரட்டையைத் தேடினேன்.
அங்கே பிளாஸ்டிக் கிண்ணம்.

பட்டையைப் பார்த்த பிறகுதான் வயிறு கலங்கியது.
கடும்வெட்டு.
நாலு பக்கமும், ஏணி வைத்து மேலேயும்,
மரத்தின் எலும்பு தெரிய.
நாளைக்கு இந்த மரம் வேண்டாம் என்று
முடிவு கட்டினவன் வெட்டுகிற வெட்டு.
நாங்கள் தடிக்காரனுக்கு விலை பேசிவிட்டு
கடைசி வருசம் மட்டும் அப்படி வெட்டுவோம்.
அங்கே சண்டை நடந்த பதினாலு வருசமும் அப்படித்தான்.

ஃப்ளோமோ சொன்னான்:
பன்னிரண்டு வயதில் கமாண்டர் கத்தி கொடுத்தார்,
துப்பாக்கி அதற்கு அடுத்த வருசம்.

அவன் கத்தியை வாங்கி ஒரே ஒரு மரம் வெட்டினேன்.
இவ்வளவுதானா பால், என்று சிரித்தான்.
நாளைக்கும் வரும் என்றேன்.
நாளை என்கிற சொல்லை
இந்தியாக்காரப் போலீஸ் ரொம்ப லேசாகச் சொல்கிறது
என்றான்.

தேர்தலன்று மழை.
பள்ளிக்கூடத்து முன்னால் வெள்ளை ஜீப்புகள் பதினொன்று.
உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த சட்டைக்காரர்கள்
பாரம் நிரப்பினார்கள்:
வாக்காளர்கள் அச்சமின்றி வந்தார்களா? ஆம். இல்லை.
மூன்றாவது கட்டம் கிடையாது.

வரிசையில் நின்ற ஒருத்தி எனக்கும் சோறு நீட்டினாள்.
மரச்சீனி இலை,
இங்கே ஆடு தின்றால் செத்துப்போகும் அதே இலை,
அங்கே பாமாயிலில் குழைந்து கிடந்தது.
நீட்டிக்கொண்டே முன்னால் நிற்பவனைக் கண்ணால் காட்டி
இவன்தான் என் வீட்டைக் கொளுத்தினது என்றாள்.
அவன் திரும்பி அவளுக்கும் சேர்த்துக் குடை பிடித்தான்.
அவள் குடைக்குள் போகவில்லை.
வரிசையை விட்டும் போகவில்லை.
நனைந்துகொண்டு நின்றாள்.
அதற்கு எந்தக் கட்டத்தில் டிக் அடித்தார்களோ.

ராத்திரி மெழுகுவர்த்தியிலும் டார்ச்சிலும் எண்ணினார்கள்,
ஒவ்வொரு சீட்டையும் தூக்கிக் காட்டி, பெயரை உரக்கச் சொல்லி.
ஜன்னலில் தொங்கிய பிள்ளைகளும் எண்ணினார்கள்,
தப்பாய்ப் போனால் உள்ளே பார்த்துக் கத்தினார்கள்.
நான் கதவில் நின்றேன். என் வேலை கதவு.

அதே அக்டோபரில்தான் எங்கள் பஞ்சாயத்து எலக்‌ஷன்.
எனக்க மச்சான் ரசலையன் நாலாம் வார்டில்
ஒரே ஒரு ஓட்டில் தோற்றான்.
"ஊரான் பெட்டிக்குக் காவல் கெடந்தா,
எனக்க பெட்டியில ஒரு சீட்டு கொறஞ்சு போச்சு"
என்று இன்றைக்கும் கல்யாணப் பந்தியில் சொல்லிக்கொண்டே
என் இலையில் பாயசம் விடுவான்.
நாலாம் வார்டில் யாரும் யாரையும் கொளுத்தவில்லை.
ஜெயித்தவன் ரோடு போட்டான், பாதி.

பாலெடுக்க இப்போது யோகராசா வருவார்,
முகாமிலிருந்து, பழைய ஸ்கூட்டரில்.
முப்பத்தி நாலு வருசமாய் இங்கே; இங்கே ஓட்டில்லை.
அங்கே எந்தப் பட்டியலிலும் பேரில்லை.
"அங்கையும் வெள்ளை ஜீப் வந்தது பிள்ளை.
எழுதிக்கொண்டு போனவை."
சொல்லிவிட்டு நாலைந்து மரம் தாண்டிப் போனவர்
அங்கிருந்தே கேட்டார்:
"அந்த மனுசி, கடைசியில குடைக்குள்ள போனவவோ?"

அவள் ஓட்டுப் போட்டு விரலைப் பார்த்தபடி வெளியே வந்தபோது
மழை விட்டிருந்தது.
தெரியவில்லை என்றேன்.

அவர் ஒரு நிமிசம் நின்றார்.
பிறகு சிரட்டையை விரலால் வழித்து
மிச்சத்தையும் வாளியில் விட்டார்.